சாவி வாட்ச் வாங்கலாமா, செல் வாட்ச் போதுமா?

(நமது பெங்களூர் பகுதி நிருபர்)

பெங்களூரில் வாட்ச் கடைகளில் நம்மவர் கூட்டம் சேரும் காலம் இரண்டு. ஒன்று, தசராவுக்கு முன் போனஸ் கைக்கு வரும் காலம். மற்றொன்று, ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்கள். மணி பார்க்க இப்போது எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. ஆனாலும் மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச் என்ற வழக்கம் போகவில்லை. பிள்ளை முதல் வேலைக்குப் போனால் அப்பா வாட்ச் வாங்கித் தருவதும், ஓய்வு பெறுபவருக்கு உடன் வேலை செய்தவர்கள் பணம் திரட்டி வாட்ச் கட்டிவிடுவதும் இன்றும் நடக்கின்றன.

கடைக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்; அந்தப் பக்கம் அறுபதாயிரம், ஒரு லட்சம், அதற்கும் மேலே. இரண்டிலும் முள் இருக்கிறது, இரண்டும் மணி காட்டுகிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? விலை அதிகமானது நன்றாக ஓடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. இரண்டாயிரம் ரூபாய் செல் வாட்ச், லட்ச ரூபாய் சாவி வாட்சை விடச் சரியாக மணி காட்டும். இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். காரணத்தைப் பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

சாவி வாட்சுக்குள் மெயின் ஸ்பிரிங் என்ற சுருள் இருக்கிறது. பக்கத்தில் உள்ள திருகைச் சுற்றினால் அது இறுகும். இறுகிய சுருள் மெல்ல மெல்ல விரிகிறது. அந்த விசை பல் சக்கரங்கள் வழியாகப் போய் முட்களைத் தள்ளுகிறது. சுருள் ஒரே மூச்சில் விரிந்துவிடாமல் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற காவல்காரன் பேலன்ஸ் சக்கரம். அது முன்னும் பின்னும் ஆடுவதுதான் நம் காதில் 'டிக் டிக்' என்று விழுகிறது. தேயும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கல் பதித்திருப்பார்கள். நம் பெரியவர்கள் '17 ஜுவல்ஸ் வாட்ச்' என்று பெருமையாகச் சொன்னது இந்தக் கற்களைத்தான்.

ஆட்டோமேட்டிக் என்பதும் சாவி வாட்ச்தான். கையால் சாவி கொடுப்பதற்குப் பதில், நம் கை அசையும்போது உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று சுருளை இறுக்குகிறது. இரண்டு நாள் கழற்றி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அது பழுதல்ல, அதன் குணம்.

செல் வாட்சில், அதாவது குவார்ட்ஸ் வாட்சில், கதை வேறு. குவார்ட்ஸ் என்பது ஒரு வகைப் படிகக் கல். இப்படிப்பட்ட கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ல் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் கல் அதிரும் என்பது அதன் மறுபக்கம். வாட்சில் உள்ள சின்னஞ்சிறு குவார்ட்ஸ் துண்டு ஒரு விநாடியில் 32,768 முறை அதிர்கிறது. அது என்ன விசித்திரமான எண் என்று கேட்கலாம். அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக வகுத்துப் பாருங்கள். சரியாக ஒன்று வரும். வாட்சுக்குள் உள்ள மின்சுற்று செய்வதும் அந்தக் கணக்கைத்தான். அந்த 'ஒன்று' வரும் ஒவ்வொரு தடவையும் விநாடி முள் ஒரு எட்டு வைக்கிறது.

பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்சின் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை 'டிக்' சொல்லும். இன்றைய உயர்ந்த வகை சாவி வாட்சுகள் பல எட்டு முறை. எட்டு எங்கே, 32,768 எங்கே! எவ்வளவு வேகமாக, எவ்வளவு சீராக ஆடுகிறதோ அவ்வளவுக்கு மணி துல்லியமாகும். செல் வாட்ச் ஜெயிப்பது இதனால்தான்.

மாதக் கணக்கு

சுவிட்சர்லாந்தில் 'கோஸ்க்' என்ற சோதனை நிலையம் இருக்கிறது. சாவி வாட்ச் மெஷின்களை 15 நாள், வெவ்வேறு நிலைகளில் வைத்து, வெவ்வேறு வெப்பத்தில் ஓட்டிப் பார்த்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்று பெற ஒரு மெஷின் சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். அதாவது உலகப் புகழ் பெற்ற சான்றிதழ் உள்ள வாட்சே மாதத்தில் 3 நிமிடம் வரை முந்த இடமுண்டு. சாதாரண சாவி வாட்ச் நாளுக்கு 20, 30 விநாடி முன்பின் ஆவது சகஜம்.

நல்ல கம்பெனியின் சாதாரண செல் வாட்ச் மாதத்துக்கே 15, 20 விநாடிதான் தவறும்.

இதற்காகச் சாவி வாட்சை இளக்காரமாக நினைக்கக் கூடாது. ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் 10 விநாடி தவறுவது என்றால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மின்சாரம் இல்லாமல், வெறும் பல் சக்கரங்களையும் சுருளையும் வைத்து மனிதன் இதைச் சாதித்திருக்கிறான் என்பது சாமானியமான காரியம் அல்ல. ஜனதா வாட்ச் ஒரு நாளில் 4,32,000 முறை 'டிக்' சொல்கிறது. அப்படி வருஷக்கணக்காக உழைத்த வாட்சுகள் நம் வீட்டுப் பீரோக்களில் இன்னும் இருக்கின்றன.

ரயிலும் வாட்சும்

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எனவே ரயில் சம்பந்தமான ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1891 ஏப்ரலில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. தபால் வண்டியில் வேலையாக இருந்த ஊழியர்கள் உள்பட பலர் உயிரிழந்தார்கள். டிரைவர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு வெப் பால் என்ற நகை வியாபாரியை நியமித்து, ரயில் ஊழியர் வைத்திருக்கும் கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று கண்டிப்பான விதி வகுத்தார்கள். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறக் கூடாது என்பது அதில் முக்கியமானது.

அன்று உயிர்களைப் பலி கொடுத்து, மிகுந்த செலவு செய்து எட்டிய அந்த அளவை, இன்று பஸ் நிலையத்தில் விற்கும் வாட்ச் கூட அநாயாசமாகத் தாண்டிவிடுகிறது.

நம் நாட்டிலும் மணிக் கணக்கு லேசில் ஒன்றுபடவில்லை. முன்பு இந்திய ரயில்கள் சென்னை நேரத்தை வைத்து ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் ஒன்று வந்தது. ஆனாலும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை. ஒரே ஊரில் ரயிலுக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி என்று இருந்த காலம் அது!

ஜப்பான் கொடுத்த அடி

உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சீக்கோ கம்பெனியின் 'அஸ்ட்ரான்'. விலை 4,50,000 யென். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு சிறிய கார் வாங்கலாம். ஆம், செல் வாட்ச் பிறந்தபோது அதுதான் பணக்காரர் பொருள். சாவி வாட்ச்தான் ஏழைக்குரியது. சில வருஷங்களில் நிலைமை தலைகீழாயிற்று. மின்சுற்றை ஆயிரக்கணக்கில் அச்சடித்ததுபோல் செய்ய முடிந்ததால் விலை சரிந்தது. சாவி வாட்சுக்கு அந்த வசதி இல்லை. நுண்ணிய பாகங்களைச் செய்து, கோத்து, சீர்படுத்த நிபுணரின் கை வேண்டும்.

சுவிட்சர்லாந்துக்கு இடி விழுந்தது. 1970-ல் அங்கே வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேலை செய்த மலைக் கிராமங்களில் பட்டறைகள் மூடப்பட்டன. 1983-ல் அவர்களும் 51 பாகங்களே கொண்ட, பிளாஸ்டிக் உடல் கொண்ட 'ஸ்வாட்ச்' என்ற செல் வாட்சைக் கொண்டுவந்து மூச்சு விட்டார்கள். மறுபக்கம் சாவி வாட்சை 'மணி காட்டும் சாமான்' என்று விற்பதை விட்டு, 'பரம்பரைச் சொத்து, கௌரவம்' என்று விற்கத் தொடங்கினார்கள். அந்த யுக்தி பலித்தது. இன்று சுவிஸ் வாட்ச் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பங்கு சாவி வாட்சுகளால் வருவதுதான்.

ஜாலஹள்ளியும் ஓசூரும்

இந்தப் போட்டி நம் கண் முன்னாலேயே பெங்களூரில் நடந்தது. எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே வாட்ச் தொழிற்சாலையை ஏற்படுத்தியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று அதன் பெயர்கள் வீட்டுப் பெயர்கள் ஆயின. சில மாடல்களுக்குச் சொல்லி வைத்துக் காத்திருந்துதான் வாங்க வேண்டும். கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து மணி அறியும் வாட்சையும் எச்.எம்.டி. செய்தது. அந்த ஆலையில் வேலை கிடைத்தால் பெண் கொடுக்க ஓடி வந்த காலம் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது சோறு போட்டது.

1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை இங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில், ஓசூரில். பள்ளிப் படிப்பு முடித்த தமிழ்நாட்டு இளைஞர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலை வாங்கினார்கள். செல் வாட்ச்தான் எதிர்காலம் என்று முதலிலேயே முடிவு செய்து, அழகான மாடல்களைக் கடை கடையாக வைத்தார்கள். எச்.எம்.டி.யும் 1980-களிலேயே செல் வாட்ச் செய்யத் தெரிந்த நிறுவனம்தான். ஆனால் சாவி வாட்சையே பெரிதாக நம்பியிருந்தது. விளைவு தெரிந்ததே. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊழியர்கள் விருப்ப ஓய்வு பெற்றுப் போனார்கள். 2019-ல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம்.

சிவாஜி நகரில் என்பதுகளிலிருந்து வாட்ச் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அப்போல்லாம் ஒரு வாட்சைப் பிரிச்சு, கழுவி, எண்ணெய் போட்டுக் கோக்க அரை நாள் ஆகும் சார். கூலியும் கிடைக்கும், பேரும் கிடைக்கும். இப்போ செல் மாத்துறதுதான் பொழைப்பு. அஞ்சு நிமிஷ வேலை. மெஷின் போச்சுன்னா ரிப்பேர் கிடையாது, புதுசு தூக்கி வைக்கிறதுதான்" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா சார், கஸ்டமருக்கு அதுதான் லாபம்" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பத்து வருஷச் செலவு

லாபம் எவ்வளவு என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்குக் கடை விலை மாறும். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

செல் வாட்ச் விலை 2,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு செல், 150 ரூபாய் வீதம் ஐந்து செல்லுக்கு 750. ஸ்ட்ராப் மூன்று முறை மாற்ற 900. மொத்தம் 3,650. மாதத்துக்குச் சுமார் 30 ரூபாய்.

வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் வாட்ச் விலை 60,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் காய்ந்த பின்னும் ஓட்டினால் பாகங்கள் தேயும். கம்பெனி சர்வீசுக்கு 8,000 என்று வைத்தால் இரண்டு முறைக்கு 16,000. மொத்தம் 76,000. மாதத்துக்கு 630 ரூபாய்க்கு மேல். தவணையில் வாங்கினால் வட்டி தனி.

'விற்றால் பணம் வருமே' என்பார்கள். தேடி வாங்கப்படும் ஒரு சில மாடல்களுக்கு அது பொருந்தும். மற்றவை கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கிவிடும். பவுனுக்குத் தினசரி விலை உண்டு, பத்திரிகையில் போடுகிறார்கள். பழைய வாட்சுக்கு வாங்குபவர் சொல்வதுதான் விலை. அவசரத்துக்கு அடகுக் கடையில் பவுனை வாங்குவதுபோல் வாட்சை வாங்க மாட்டார்கள்.

ஒரு தகப்பனாரின் சங்கடம்

போன தை மாதத்துக்குச் சில வாரம் முன்பு நடந்தது இது. கோலார் தங்க வயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் வந்து போகும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் அவர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை. காலை இருட்டில் வண்டி ஏறி, இரவு இருட்டில் இறங்குபவர். சீசன் டிக்கெட் விஷயமாகப் பழக்கம். நான் பத்திரிகைக்கு எழுதுவது அவருக்குத் தெரியும்.

"தம்பி, மாப்பிள்ளைக்கு ஃபாரின் ஆட்டோமேட்டிக் வாட்ச் வேணும்னு கேக்குறாங்க. கடையில எழுபத்தெட்டாயிரம் சொல்றான். உங்க அண்ணி செயினை வெச்சா சரிக்கட்டிடலாம். அந்த வாட்ச் அப்படி என்ன விசேஷம்? ஆயுசுக்கும் ஓடுமா?" என்று கேட்டார்.

மேலே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ஆயுசுக்கும் ஓடும், ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆயிரக்கணக்கில் செலவு கேட்கும். அந்தச் செலவு மாப்பிள்ளை தலையில் விழும் என்றேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது, இது வேண்டும் என்று கேட்டு வாங்குவது குற்றம் என்பதையும் சொன்னேன். "சட்டம் தெரியும் தம்பி. பொண்ணு அந்த வீட்லதானே வாழணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அண்ணே, கேட்டது மாப்பிள்ளையா, பெரியவங்களா?" என்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டாராம். "மாப்பிள்ளைகிட்டே ஒரு வார்த்தை பேசிப் பாருங்க" என்றேன்.

பேசியிருக்கிறார். மாப்பிள்ளை தனியார் கம்பெனியில் கணக்கெழுதுபவர். தினமும் பைக்கில் நெரிசலில் போய் வருபவர். அவ்வளவு விலையில் வாட்ச் கட்டிக்கொண்டு போக அவருக்கே பயம். ஆனால் ஆட்டோமேட்டிக் என்றால் ஆசை இருக்கிறது, மாமனுக்கும் சமாதானம் சொல்ல வேண்டும். கடைசியில் ஜப்பான் கம்பெனி ஆட்டோமேட்டிக் ஒன்று, 14,000 ரூபாய்க்குள், பில்லோடு வாங்கினார்கள். இவர் சங்கத்தில் கொஞ்சம் கடன் போட்டார். அண்ணியின் செயின் கழுத்திலேயே இருந்தது. தாய்மாமன் இன்னும் விசேஷ வீடுகளில் அந்த வாட்சைப் பற்றிக் குத்திக் காட்டுகிறாராம். "சொல்லிட்டுப் போகட்டும் தம்பி, செயினுக்கு வட்டி கட்டுறது நான்தானே" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறப் போனார்.

நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சாவி வாட்ச் என்றாலே லட்சம் என்று இல்லை. ஜப்பான் மெஷின் போட்ட சாவி வாட்சுகள் பத்தாயிரத்தை ஒட்டிய விலையிலும் கிடைக்கின்றன. அதே 'டிக் டிக்', அதே பல் சக்கரம். இல்லாதது பெரிய பெயரும் கைவேலை நகாசும்தான்.

வாங்கும் முன் கவனிக்க

முதலில், உங்கள் வேலை என்ன என்று பாருங்கள். லேத், டிரில்லிங் மெஷினில் நிற்பவர்கள் வேலை நேரத்தில் எந்த வாட்சும் கட்டக் கூடாது. மெஷின் பிடித்து இழுத்தால் போவது வாட்ச் மட்டுமல்ல, கையும்தான். வெல்டிங், மோட்டார், பெரிய ஸ்பீக்கர் அருகில் வேலை செய்பவருக்குச் சாவி வாட்ச் ஒத்து வராது. காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் தாறுமாறாக முந்தும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். காந்தம் இறக்கும் கருவி ரிப்பேர் கடையில் இருக்கும், சில நிமிட வேலை.

வாட்சின் பின்புறம் '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருள் அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். நீந்த வேண்டுமானால் 100 மீட்டர் என்று போட்டதாகப் பார்க்க வேண்டும்.

செல் வாட்சில் விநாடி முள் ஒவ்வொன்றாகப் போகாமல் நின்று நின்று நாலைந்து விநாடியாகத் தாவினால், பல மாடல்களில் அது 'செல் தீரப் போகிறது' என்ற அறிவிப்பு. உடனே மாற்றுங்கள். நின்று போன வாட்சைச் செல்லோடு பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். செல் கசிந்து மெஷினை அரித்துவிடும். செல் மாற்றும்போது மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். அது பழுதானால் தண்ணீர் உள்ளே போகும்.

'பர்ஸ்ட் காப்பி' என்று இரண்டாயிரம், மூவாயிரத்துக்குப் பெரிய சுவிஸ் பெயர் போட்டு விற்கிறார்கள். அது போலி. பில் இல்லை, கியாரண்டி இல்லை, பழுதானால் எந்தக் கம்பெனியும் தொடாது. அதே பணத்துக்கு ஓசூரில் செய்த நல்ல செல் வாட்ச் கியாரண்டி கார்டோடு கிடைக்கும். அதுபோலவே 'பழைய எச்.எம்.டி. பைலட், பிரமாதமான கண்டிஷன்' என்று புதுப் பெயின்ட் மின்னும் வாட்சுகளை விற்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். பல வாட்சுகளிலிருந்து பாகம் எடுத்துச் சேர்த்து, முகத்தகட்டுக்கு மறுபடி வர்ணம் அடித்தவை அவற்றில் ஏராளம். அப்பாவின் பழைய வாட்ச் வீட்டில் இருந்தால் அதைத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து ஓட வைப்பதே மேல்.

எந்த வாட்ச் வாங்கினாலும் பில்லில் கடை பெயர், மாடல் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். கியாரண்டி கார்டில் கடை முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள். விலை உயர்ந்தது என்றால் வாட்சின் பின்னால் உள்ள வரிசை எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். களவு போனால் போலீசில் சொல்ல அது வேண்டும். அந்த வாட்சுக்குப் பெங்களூரில் கம்பெனி சர்வீஸ் உண்டா, பிரித்துக் கழுவ எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

யாருக்கு எது?

வேலைக்கு நேரத்தில் போக வேண்டும், ரயிலைத் தவற விடக் கூடாது, பராமரிப்பு வேலை இருக்கக் கூடாது என்பவருக்குச் செல் வாட்ச்தான். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. உலகத்திலேயே சரியாக மணி காட்டும் வகையை அவர் கட்டியிருக்கிறார்.

சக்கரம் சுழல்வதைப் பார்த்து ரசிப்பவர், தினமும் காலையில் சாவி கொடுப்பதில் ஒரு இன்பம் காண்பவர், பத்தாயிரம் ரூபாய் அளவில் சாவி வாட்ச் ஒன்று வாங்கலாம். ஆனால் அதைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்புபவர் வாரம் ஒரு தடவை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லட்சக்கணக்கில் சுவிஸ் வாட்ச் வாங்குவதும் தவறல்ல. கைத்தொழில் நுட்பத்துக்குக் கொடுக்கும் மரியாதை அது. வீடு, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் வைத்தியம் எல்லாம் போக, கையில் மிஞ்சிய பணமாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, அடுத்தவர் கேட்டார் என்பதற்காகவோ வாங்கும் வாட்ச் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேண்டாம். தை பிறக்கும் முன் கல்யாணப் பேச்சில் இருக்கும் பெற்றோர், சீர் சாமான் பட்டியலில் 'வாட்ச்' என்று எழுதும்போதே பக்கத்தில் ஒரு தொகையையும் எழுதிவிடுவது நல்லது. கடைக்குப் போன பிறகு அந்தத் தொகையை நிர்ணயிப்பது கடைக்காரராக இருக்கக் கூடாது.